காரின் மூக்குக்கு நான் போட்ட உறை

அன்புள்ள தம்பி,

போன வாரம் போனில் பேசும்போது நீ சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாய். "அம்மாவும் இல்ல. அந்தக் கார் மட்டும் இல்லாட்டி நான் எதுக்குப்பா அந்த வீட்டுக்கு வரப்போறேன்?" என்றாய். நானும் சிரித்தேன். "கார் நல்லா இருக்கு, நீ வந்து ஓட்டு" என்றேன். போனை வைத்த பிறகு கொட்டகைக்குப் போய்க் காரின் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நான் சொன்னது பொய். கார் ஓடாது. இனி ஓடவே ஓடாது என்று கராஜ் செல்வராஜ் சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதமாக உன்னிடம் மறைத்து வருகிறேன். வரும் மாதம் அம்மாவின் ஆண்டுத் திதி. நீ டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் உண்மை உனக்குத் தெரிய வேண்டும். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் கரும்பலகையில் எழுதியவன். எழுதினால்தான் எனக்கு எதுவும் ஒழுங்காக வரும். இதை வேறு யார் வாசித்தாலும் எனக்குக் கவலை இல்லை. என்னைப் போன்ற அப்பாக்கள் இந்தத் தேயிலை மலையில் லயத்து வீட்டு வரிசைக்கு ஒருவராவது இருப்பார்கள்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்த கதை உனக்குத் தெரியும். மடுல்சீமைத் தோட்டத்தில், பழைய துரை விட்டுப் போன கார், கொட்டகையில் உரமூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. பழைய இரும்புக்குப் போக இருந்ததை நீ லொறியில் ஏற்றி பதுளைக்குக் கொண்டுவந்தாய். உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நானும் உன் அம்மாவும் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தானே. அந்தச் சிவப்புக் காரின் ஹோர்ன் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்டதும் நாங்கள் எல்லோரும் பாதையை விட்டு ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். மழை நாளில் முழங்கால் வரை தண்ணீர் ஓடும். என் அப்பா தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்வார். கார் போன பிறகு யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச மாட்டார்கள், ஏறி நடப்பார்கள். அந்தக் காரை நீ கொண்டுவந்து நம் முற்றத்தில் இறக்கியபோது எனக்குள் எவ்வளவு சந்தோசம் என்று உன்னிடம் நான் சொன்னதே இல்லை. மாறாக என்ன சொன்னேன்? "படிச்ச புள்ள செய்யற வேலையா இது?" என்றேன். ஆறு வருஷம் நீ அதற்குக் கீழே படுத்துக் கிடந்தாய். உன் அம்மா பிளேன்டீயோடு வந்து சக்கரத்தின் பக்கத்தில் உட்காருவாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு முறைகூட வெளியே வந்து "நல்லா வந்திருக்கு" என்று சொல்லவில்லை.

அதனால்தான் நீ இங்கிலாந்தில் இருந்து அந்த முன் ஸ்பாய்லரை அனுப்பியபோது எனக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்ததாக நினைத்தேன். ஸ்பாய்லர் என்றால் என்னவென்றே அப்போது எனக்குத் தெரியாது. பம்பருக்குக் கீழே தாடை போல நீண்டிருக்கும் ஃபைபர் துண்டு, வேகமாகப் போகும்போது காரின் முன்பக்கம் மேலே தூக்காமல் வைத்துக்கொள்ளும் என்று நீதான் விளக்கினாய். "கார் செஞ்சவன் போட்டது இல்லப்பா இது. பின்னால வேற ஒருத்தன் செஞ்சு விக்கிறான். அப்பிடியே பொருந்தாது, நம்மதான் பொருத்தணும்" என்றாய். அம்மா இறந்தபோது உன் கையில் அங்கே தங்குவதற்கான தாள்கள் இல்லை, வர முடியவில்லை. இப்போது தாள்கள் வந்துவிட்டன. திதிக்கு வருவேன், அந்தக் காரிலேயே மடுல்சீமைக்குப் போய் அம்மா பிறந்த லயத்தைப் பார்ப்பேன், அதற்குள் இதைப் பூட்டி வையுங்கள் என்றாய். நம் வீட்டுக் கட்டிலின் நீளத்துக்கு ஒரு பெட்டி வந்தது. அதை நான் பஸ்ஸில் ஏற்ற முடியாமல் த்ரீவீலரின் மேலே கட்டி ஹாலிஎல பாதையில் இருக்கும் செல்வராஜின் கராஜுக்குக் கொண்டுபோனேன்.

செல்வராஜை உனக்கு அண்ணனாகத்தான் தெரியும். எனக்கு அவன் கணக்குப் பாடத்தில் பதினெட்டுப் புள்ளி எடுத்தவன். அவன் அறிக்கையில் "முயற்சி போதாது" என்று சிவப்புப் பேனாவால் எழுதியவன் நான். அன்று அவன் வேலை செய்ததைப் பார்த்திருந்தால் அதை எழுதியிருக்க மாட்டேன். காரைத் தூக்கி முட்டுக்கொடுத்தான். பம்பரின் நடுவைக் கண்டுபிடித்து டேப் ஒட்டிக் கோடு போட்டான். உன்னை வீடியோவில் அழைத்து, போனைப் பெயிண்ட் டின் மீது சாய்த்து வைத்தான். ஸ்பாய்லரின் ஒரு முனையை நான் கீழே படுத்துக்கொண்டு தாங்கிப் பிடித்தேன்.

"தம்பி, இடப்பக்கம் ஒரு விரக்கடை இடைவெளி நிக்குது. தெரியுதா?"

"தெரியுதுண்ணே. பிழை ஃபைபர்லயா, கார்லயா?"

"கார்லதான். எந்தத் துரையோ ஒருக்கா மதகுல இடிச்சிருக்கான். மூக்கு லேசாக் கோணிப்போயிருக்கு."

"அப்பா எங்க? காணோம்?"

"உங்கப்பா கீழ படுத்திருக்காரு. என்னைய முட்டி போட வச்ச மனுசன், இன்னைக்கு எனக்குக் கீழ படுத்திருக்காரு. கலிகாலம் தம்பி!"

"விடுங்கண்ணே, பாவம். மண்ணெல்லாம் வாயில விழப்போகுது."

"விழட்டும். எத்தனை சோக்குத்தூள் தின்ன வாய் அது!"

நான் கீழே கிடந்தபடி சிரித்தேன். அம்மா போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்த ஒரே நாள் அது. காரின் தகட்டைத் தொடாமல் ஃபைபரின் விளிம்பை மட்டும் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, ஏழெட்டு முறை வைத்துப் பார்த்து எடுத்தான். முதல் துளையை நடுவில் போட்டான். பிறகு இடத்தில் ஒன்று, வலத்தில் ஒன்று. எல்லா ஆணிகளும் உள்ளே போகும் வரை எதையும் இறுக்கவில்லை. "ஒரு பக்கம் இறுக்கிட்டா மறுபக்கம் வராது சார்" என்றான். எத்தனை பெற்றோரிடம் நான் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தேன். நான் பெற்றோராக இருந்த வீட்டிலேயே அது நடக்கவில்லை. படிப்பு என்ற ஒரு பக்கத்தை நான் முதலிலேயே இறுக்கிவிட்டேன். உன் மற்றப் பக்கங்கள் எனக்குப் பொருந்தவே இல்லை.

பெயிண்ட் அடித்துக் காய்ந்த பிறகு காரை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். விடைபெறும்போது செல்வராஜ், "பள்ளம் மேடு பாத்து ஓட்டணும் சார். கீழ நாலு விரக்கடைதான் இருக்கு" என்றான். அதற்குப் பிறகு நடந்தது அவனுக்குத் தெரியாமல் நான் செய்தது.

ஒவ்வொரு தை மாதமும் புதிய பாடப்புத்தகங்கள் வந்ததும் நான் என்ன செய்வேன் என்று உனக்கு நினைவிருக்கும். கண்ணாடி போன்ற பொலித்தீன் சுருளும் கத்தரிக்கோலும் வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்க உறை போடுவேன். லயத்தில் மழைக்குக் கூரை ஒழுகும், புகை படியும், புத்தகம் ஒரு வருஷம் தாங்க வேண்டும். மூலையை மடித்து உள்ளே செருகும் விதத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்பது என் பெருமை. அது ஒரு பழக்கமாகி வீட்டுக்குள்ளும் வந்தது. நம் சோபாவின் பொலித்தீனை நான் கழற்றவே விடவில்லை. வியர்க்கிறது என்று நீ தரையில் உட்காருவாய். டிவி ரிமோட்டுக்கு உறை. உன் சான்றிதழ்களுக்கு உறைக்கு மேல் உறை. இப்போது அந்தப் புதிய சிவப்பு மூக்கைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. கடைக்குப் போய் அதே சுருளை வாங்கி வந்தேன். போனட்டின் விளிம்பில் இருந்து ஸ்பாய்லரின் அடி வரைக்கும், லைட்டுகளுக்கு மட்டும் வட்டமாக வெட்டிவிட்டு, ஒரு சுருக்கம் இல்லாமல் சுற்றி ஒட்டினேன். நடுவில் இருந்த கம்பி வலையும் உள்ளே போனது. ஸ்பாய்லரில் இருந்த இரண்டு வாய்களும் உள்ளே போயின. கிழிக்கிற சந்தோசம் உனக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

பிறகு எனக்கு ஒரு பயம் வந்தது. நாலு விரக்கடை இடைவெளியோடு மடுல்சீமைப் பாதையில் நீ போனால் எங்கேயாவது உரசி, நீ ஆசையாக அனுப்பிய பொருள் உன் கண் முன்னாலேயே உடையுமே என்று. ஒருமுறை நானே மெதுவாக ஓட்டிப் பார்த்து எந்த வளைவில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று குறித்து வைக்கலாம் என்று ஒரு காலையில் புறப்பட்டேன். சரளைக் கல் பட்டுப் பெயிண்ட் போகாமல் இருக்க உறையை அப்படியே விட்டேன். பசறை வரைக்கும் ஒன்றும் இல்லை. அதற்கு மேல் ஏற்றம் தொடங்கியதும் சூட்டைக் காட்டும் முள் எழும்பத் தொடங்கியது. அந்த முள் பொய் சொல்லும் என்று நீ எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்தது. எனக்கு வசதியான ஒன்றை நீ சொல்லியிருந்தால் அதை மட்டும் நான் நன்றாக நினைவில் வைத்திருப்பேன். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டபோது ஒரு சின்னக் கோயிலடியில் நிறுத்த இடம் இருந்தது. தண்ணீர்க் குழாயும் இருந்தது.

நான் நிறுத்தவில்லை. ஏன் என்று சொல்வதுதான் இந்தக் கடிதத்திலேயே எனக்குக் கஷ்டமான இடம். அந்த வளைவுக்கு மேலேதான் எங்கள் தோட்டம் தொடங்குகிறது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் காரைப் பார்த்து நிமிர்ந்தார்கள். பாதையில் வந்த ஒரு கிழவர் நான் அடித்த ஹோர்ன் சத்தம் கேட்டதும், கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கானுக்குள் இறங்கினார். தம்பி, நான் காரை நிறுத்தி அவரைக் கைபிடித்து மேலே ஏற்றியிருக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஹோர்னைத் தொடாமலே இருந்திருக்க வேண்டும். நான் செய்தது, இன்னொரு முறை ஹோர்ன் அடித்ததுதான். சின்ன வயதில் கானுக்குள் நின்ற எனக்கு அந்த ஒரு நிமிஷம் தேவைப்பட்டது. லயத்து முற்றம் வரை அந்தக் காரில் போய் இறங்க வேண்டும் என்று இருந்தது. இன்னும் அரை மைல். எரிகிற வாசனை வந்த பிறகும் மிதித்தேன். ஏதோ இரும்பு இரும்பைக் கடிக்கிற சத்தம் கேட்டது, கார் ஒரு உதறு உதறி நின்றுவிட்டது. போனட்டுக்கு அடியில் இருந்து வெள்ளையாகப் புகை வந்தது.

முதலில் ஓடி வந்தது உன் லெச்சுமி சின்னம்மா. அம்மாவின் தங்கை இன்னமும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். இடுப்பில் ஈரத்துக்குக் கட்டிய படங்குச் சாக்கோடு வந்து காரின் முன்னால் நின்றாள். வாழ்க்கையில் ஒரு காரின் போனட்டைத் திறந்து பார்த்திராதவள், ஒரே பார்வையில் சொன்னாள்.

"என்னங்க மச்சான் இது? வாயையும் மூக்கையும் பொத்திக்கிட்டு மலை ஏறச் சொன்னா மாடுகூட ஏறாதுங்களே."

எஞ்சின் சூடு தணியக் காற்று போகும் வழியையெல்லாம் நான் ஒட்டி மூடியிருக்கிறேன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் குனிந்து அந்த உறையைத் தொட்டுப் பார்த்தாள். சூட்டில் அது சுருங்கிப் பெயிண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. "அழகா மடிச்சிருக்கீங்க" என்றாள். பிறகு, "அக்கா சேலைக்கும் இப்பிடித்தான..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்தி, "இருங்க, தண்ணி கொண்டாறேன்" என்று போய்விட்டாள்.

அவள் நிறுத்தியதை நான் முடிக்கிறேன். நீ இங்கிலாந்து போன முதல் வருஷம் அம்மாவுக்கு மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை அனுப்பினாய். அந்தப் பொங்கலுக்கு அதைக் கட்டப் போகிறேன் என்றாள். "தம்பி வர்றப்போ கட்டு, அவன் பாக்க வேணாமா?" என்று நான் சொன்னேன். நல்ல பேச்சாகத்தான் அவளுக்கும் பட்டது, நான் உறை போட்டுக் கொடுக்கப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். நாலு பொங்கல் போனது. ஒருநாள் அவள் அதை வெளியே எடுத்து மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். பொலித்தீன் சரசரக்கும் சத்தம் எனக்குச் சமையலறைக்குக் கேட்டது. "கசக்கிடாத" என்று அங்கிருந்தே சொன்னேன். சத்தம் நின்றுவிட்டது. அவளுடைய இறுதிச் சடங்கன்று நீ போனில் பார்த்து, "நான் அனுப்புன சேலையக் கட்டியிருக்காங்கப்பா, எவ்வளவு ஆசையாக் கட்டியிருப்பாங்க" என்று சொல்லிச் சொல்லி அழுதாய். நான் "ஆமாம்பா" என்றேன். அவள் அதை அதற்கு முன் ஒரு நாளும் கட்டவில்லை. உறையைப் பிரித்துக் கட்டிவிட்டது லெச்சுமி. மடிப்புக் கோடுகள் அப்படியே இருந்ததை நீ போனில் கவனித்திருக்க முடியாது.

காரை லொறியில்தான் இறக்கினோம். செல்வராஜ் எஞ்சினைப் பிரித்து இரண்டு நாள் பார்த்தான். என்னைத் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "ஹெட்டு வளைஞ்சிருச்சு சார். புளொக்கே வெடிச்சிருக்கு. இந்த எஞ்சினுக்கு இப்ப எங்கயும் சாமான் கிடைக்காது. நிப்பாட்டி வச்சுப் பாத்துக்கலாம், அவ்வளவுதான்." பிறகு, "தம்பிக்கு நான் சொல்லவா?" என்று கேட்டான். "வேணாம், நானே சொல்றேன்" என்றேன். அவன் அதற்குப் பிறகு கேட்கவில்லை. உறையைச் சுரண்டி எடுத்து, பெயிண்டை மறுபடி தேய்த்து அடித்து, ஸ்பாய்லரை நேராகப் பூட்டி, காரைக் கொட்டகையில் கொண்டுவந்து நிறுத்தினான். ஒவ்வொரு ஞாயிறும் நான் உனக்கு அனுப்பும் படங்கள் அதற்குப் பிறகு எடுத்தவை. முன்னால் இருந்து எடுப்பேன். நீ இதயம் போட்டு அனுப்புவாய். "சூப்பர்பா, புதுக் கார் மாதிரி" என்பாய். போனட்டுக்கு உள்ளே ஒன்றும் இல்லை, தம்பி.

நான் ஏன் மறைத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ திட்டுவாய் என்ற பயம் கொஞ்சம்தான். நாம் இருவரும் இந்த ஐந்து வருஷத்தில் பேசியது எல்லாம் அந்தக் காரைப் பற்றித்தான். பெட்டரி எப்படி, டயர் எப்படி, மழைத் தண்ணீர் கொட்டகைக்குள் வருகிறதா. அம்மாவோடு நீ சிரிப்பாய், அழுவாய், சண்டை பிடிப்பாய்; பிறகு "அப்பாகிட்ட குடுங்க" என்பாய், நான் போனை வாங்கியதும் காரைப் பற்றிக் கேட்பாய். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதற்காகவே நான் தினமும் கொட்டகைக்குப் போய்வந்தேன். கார் இல்லை என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை நீ என்ன கேட்பாய்? நான் என்ன சொல்வேன்? எனக்குத் தெரியவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளைக்குப் பதில் தெரியாவிட்டால் ஒரு உதாரணம் சொல்லி வழிகாட்டுவேன். இதற்கு என்னிடம் உதாரணமும் இல்லை.

உனக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனாலும் அப்பாவாக இருப்பவன் சொல்லாமல் இருக்க மாட்டான். முள் ஏறும்போது நிறுத்து. யார் பார்த்துக்கொண்டிருந்தாலும் நிறுத்து. நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் வந்தால், அவர்கள் ஆசைப்பட்டதை அன்றைக்கே கட்டட்டும், அன்றைக்கே ஓட்டட்டும், அழுக்காகட்டும். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இதைக்கூட எனக்கு இவ்வளவு விலை கொடுத்துத்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு செய்து பார்க்க வீட்டில் ஆள் இல்லை.

நேற்றுக் கோயிலுக்குப் போய்க் குருக்களைப் பார்த்தேன். திதிக்குப் பிண்டம் வைக்க மகன்தான் வர வேண்டுமா, புருஷனும் வைக்கலாமா என்று கேட்டேன். "வைக்கலாம் மாஸ்டர். புள்ளை இல்லாதவங்களுக்கு அப்பிடித்தான் செய்யறது" என்றார். பிறகு பஞ்சாங்கத்தை மூடிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்களுக்குத்தான் மகன் இருக்காரே?" என்றார். நான் செருப்பைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன். சங்கல்பத்துக்கு யார் பெயர் என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டுமாம்.

இந்தக் கடிதத்தைச் செல்வராஜ் படமெடுத்து இன்றைக்கே உனக்கு அனுப்பிவிடுவான். கார் ஓடாது என்பது இப்போது உனக்குத் தெரியும். வருவதாக இருந்தால் வியாழனுக்கு முன்னால் ஒரு வார்த்தை சொல். நீ ஒன்றும் சொல்லாவிட்டால் நான் திரும்பக் கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் போய் என் பெயரைக் கொடுத்துவிடுவேன்.

அப்பா